பீபி சினெட்சிங்கர்

பீபி சினெட்சிங்கர் (ஜூன் 9, 1931 – நவம்பர் 23, 1999) அமெரிக்கப் பறவை நோக்கர் ஆவார். வாழ்நாளில் கண்ட பறவையினங்களின் பட்டியலில் 8,000 என்னும் எண்ணிக்கையை எட்டிய முதல் மனிதர் இவரே. விளம்பரத் துறையில் புகழ்பெற்ற லியோ பர்னெட் இவரது தந்தை.

நான்கு குழந்தைகளின் தாயாக மினசோட்டாவில் வாழ்ந்த இவர், 1965இல் செம்மஞ்சள் நிறத் தொண்டையுடைய பிளாக்பர்னியன் வார்ப்ளர் என்னும் சிறு பறவையைக் கண்டதிலிருந்து இதில் ஈடுபட்டார். 1981இல் தோல் புற்றுநோய் முற்றிவிட்டதென்றும் ஓராண்டே வாழ்வாரென்றும் மருத்துவர்கள் கூறினர். இவரோ சிகிச்சையை மறுத்து அலாஸ்காவுக்குப் பறவை காணச் சென்றார். நோய் தணிந்தது, மீண்டும் தலைகாட்டியபோதும் அடங்கியது. பின்னர் 18 ஆண்டுகள் உலகெங்கும் அலைந்தார்.

வெறும் எண்ணிக்கைக்காக அலைந்தவர் என இவரைக் கருதுவது சரியன்று. துணையினங்களையும் விரிவாகக் குறித்து வைத்தார். அவற்றுட் பல பிற்காலத்தில் தனி இனங்களாக ஏற்கப்பட்டன. எனினும் குடும்பம் இதற்கு விலை கொடுத்தது. தாயின் இறுதிச் சடங்கிலும் மகளின் திருமணத்திலும் இவர் கலந்துகொள்ளவில்லை. 1986இல் பப்புவா நியூ கினியில் கொடிய தாக்குதலுக்கு உள்ளான பின்னரும் பயணங்களை நிறுத்தவில்லை. பிள்ளைகளுள் சிலர் பறவை ஆய்வாளராயினர் என்பது குறிப்பிடத்தக்கது.

மடகாஸ்கரில், 1997இல்தான் அறிவியலுக்கு அறிமுகமான செந்தோள் வாங்காவைக் கண்ட சிறிது நேரத்தில், ஊர்தி கவிழ்ந்து உயிரிழந்தார். அப்போது பட்டியலில் 8,300க்கும் மேற்பட்ட இனங்கள் இருந்தன. தன்வரலாறு 2003இல் வெளியானது.