போத்தனூரில் பிறந்த தாயின் மகன் ஆலன் டூரிங்: உங்க போன் அப்டேட்டுக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

சிறுசேரி சிப்காட் ஐடி பூங்காவில் உள்ள ஆபீஸ் கம்ப்யூட்டரோ, உங்க கையில் இருக்கும் போனோ, அடிக்கடி வரும் ஒரு அறிவிப்பு: செக்யூரிட்டி அப்டேட் பாக்கி இருக்கு. தன்னிடம் உள்ள எல்லா ஓட்டைகளையும் கம்ப்யூட்டரே கண்டுபிடிச்சு சரிசெய்ய முடியாதா? முடியாது. அதற்கான கணித அடிப்படையை 1936-லேயே தந்தவர் ஆலன் டூரிங்.

மெட்ராஸ் குடும்பம்

டூரிங்கின் அம்மா ஈத்தல் சாரா, 1881-ல் கோவை அருகே போத்தனூரில் பிறந்தவர். தாத்தா எட்வர்டு ஸ்டோனி, மெட்ராஸ் ரயில்வேயில் தலைமைப் பொறியாளர். அப்பா ஜூலியஸ், மெட்ராஸ் மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. டூரிங் பிறந்தது 1912 ஜூன் 23, லண்டனில். அப்பாவுக்கு வேலை இந்தியாவில் என்பதால், டூரிங்கும் அண்ணன் ஜானும் இங்கிலாந்தில் வேறொரு குடும்பத்தின் பராமரிப்பில் வளர்ந்தார்கள்.

1936-ல் என்ன நிரூபித்தார்?

இன்றைய கம்ப்யூட்டர் பிறக்கும் முன்பே, அப்படி ஒரு மெஷினை டூரிங் பேப்பரில் கற்பனை செய்தார். எந்த புரோகிராமைக் கொடுத்தாலும் அது கடைசியில் என்ன செய்யும் என்று தவறில்லாமல் சொல்லிவிடும் பொதுவான முறை எதுவும் கிடையாது என்பதையும் நிரூபித்தார். கம்ப்யூட்டர் அறிவியலின் அடித்தளமே இதுதான்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் எனிக்மா ரகசியக் குறியீட்டை உடைக்கும் பணியில் முக்கியப் பங்காற்றினார். 1949-ல் கேம்பிரிட்ஜில் நடந்த மாநாட்டில், பெரிய புரோகிராமைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்துச் சரிபார்க்கும் வழியை விளக்கினார்.

சோக முடிவு

தன்பாலின உறவு அன்று பிரிட்டனில் குற்றம். 1952-ல் டூரிங் தண்டிக்கப்பட்டார். சிறைக்குப் பதிலாக ஹார்மோன் சிகிச்சை தரப்பட்டது. 1954 ஜூன் 7 அன்று சயனைடு விஷத்தால் இறந்தார். வயது 41. பிரிட்டன் பிரதமர் மன்னிப்பு கேட்டது 2009-ல். அரச மன்னிப்பு கிடைத்தது 2013-ல்.

அப்போ, அப்டேட் பாக்கின்னு எப்படித் தெரியுது?

ஸ்கூல் வருகைப் பதிவேடு மாதிரிதான். பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் யார் வரலைன்னு டீச்சருக்குத் தெரியும். புரோகிராமில் இருக்கும் ஓட்டையை ஆய்வாளர்கள் கண்டுபிடிக்க, நிறுவனம் அதை அடைக்கும் அப்டேட்டை வெளியிட்டுப் பட்டியலில் சேர்க்கும். உங்க போன் தன் வெர்ஷன் எண்ணை அந்தப் பட்டியலோடு ஒப்பிடும். குறைந்தால், அப்டேட் பாக்கி. வரும் ஃபைல் அசல்தானா என்பதை டிஜிட்டல் கையெழுத்து உறுதிசெய்யும்.

பட்டியலில் இருந்தும் போடாமல் விட்டால்? 2017 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் விண்டோஸுக்கு ஒரு அப்டேட் வெளியிட்டது. அதைப் போடாத கம்ப்யூட்டர்களை மே மாதம் வான்னாகிரை தாக்கியது. பிரிட்டனில் மருத்துவமனைகளே முடங்கின.

இன்னொரு விஷயத்தையும் கவனிங்க. அப்டேட் எதுவும் இல்லை என்று போன் சொன்னால், பட்டியலில் புதுசா எதுவும் இல்லை என்றுதான் அர்த்தம். ஓட்டையே இல்லை என்று அர்த்தமில்லை. நிறுவனம் சப்போர்ட்டை நிறுத்திய பழைய போனும் இதையேதான் சொல்லும். அதனால் செட்டிங்ஸில் கடைசி செக்யூரிட்டி அப்டேட் எந்தத் தேதியில் வந்ததுன்னு பாருங்க. பல மாதம் பழசா இருந்தால், அந்த போனில் பேங்க் ஆப் வைத்திருப்பது ரிஸ்க்தான்.