உடைந்த குரலும் உடையாத உள்ளமும்

நுழையும்முன்

குரல் மனிதரின் அடையாளங்களுள் ஒன்று. நோயாலோ காயத்தாலோ அது மாறும்போது, பேசும் துணிவும் பிறரோடு பழகும் விருப்பமும் குன்றிவிடக்கூடும். குரலையே தொழிற்கருவியாகக் கொண்ட ஒருவர், அவ்விழப்பை இருமுறை எதிர்கொண்ட வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மலைமேல் ஒரு பல்கலைக்கழகம்

பழனி மலைத்தொடரில் அமைந்த கொடைக்கானலில், அட்டுவம்பட்டி என்னும் இடத்தில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் உள்ளது. மகளிரின் உயர்கல்விக்கெனத் தமிழ்நாடு அரசு 1984ஆம் ஆண்டு இதனை நிறுவியது. அப்போது முதலமைச்சராக இருந்தவர் எம்.ஜி.இராமச்சந்திரன். பதினேழு ஆண்டுகளாகப் பழுதுற்ற குரலோடு பொதுவாழ்வில் இயங்கிய அவர், அதே ஆண்டில் பேச்சுத்திறனையும் பெருமளவு இழந்தார்.

நாடகம் வளர்த்த குரல்

எம்.ஜி.ஆர். 1917 ஜனவரி 17 அன்று இலங்கையின் நாவலப்பிட்டியில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். தாய் சத்தியபாமா, பிள்ளைகளைக் கும்பகோணத்தில் வளர்த்தார். வறுமை பள்ளிப்படிப்பைத் தடுத்தது. அண்ணன் சக்கரபாணியுடன் நாடகக்குழுவில் சேர்ந்தார். அக்கால மேடையில் கடைசி வரிசைக்கும் கேட்குமாறு பேசுவதே நடிகருக்குரிய முதல் தகுதி. அப்பயிற்சியோடு 1936இல் திரைக்கு வந்தவர், 1947இல் 'ராஜகுமாரி' படத்தில் கதைத்தலைவரானார்.

முதல் இழப்பு

1967 ஜனவரி 12 அன்று இராமாவரம் இல்லத்தில் அவர் சுடப்பட்டார். குண்டு கழுத்தில் பாய்ந்தது. உயிர் பிழைத்தார், ஆனால், இடச்செவியின் கேட்புத்திறன் பாதிக்கப்பட்டது, குரலும் மாறியது. ஒலிப்பில் பழைய தெளிவு இல்லை. வேறொருவரைக் கொண்டு பின்னணி பேசவைக்கும் வழி திரைத்துறையில் இருந்தது. அவரோ மாறிய தம் குரலிலேயே 'காவல்காரன்' முதலிய படங்களில் பேசினார். மக்களின் செவி அக்குரலுக்குப் பழகியது. 'ரிக்‌ஷாக்காரன்' படத்திற்காகத் தேசிய அளவில் சிறந்த நடிகர் விருதும் பெற்றார்.

1972இல் தனிக்கட்சி தொடங்கினார். அடுத்த ஆண்டு, பழனி மலைக்குக் கிழக்கேயுள்ள திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதியின் இடைத்தேர்தலில் அக்குரலால்தான் வாக்குக் கேட்டார். அவருடைய கட்சி முதல் வெற்றியை அங்கே பெற்றது. 1977இல் முதலமைச்சரானார்.

இரண்டாம் இழப்பு

நுரையீரலிலிருந்து வெளிவரும் காற்று குரல்நாண்களை அதிரச் செய்வதால் குரல் பிறக்கிறது. நாவும் உதடும் அதனைச் சொல்லாக்குகின்றன. இவையனைத்தையும் இயக்குவது மூளை. 1984 அக்டோபரில் சிறுநீரகச் செயலிழப்போடு பக்கவாதமும் எம்.ஜி.ஆரைத் தாக்கியது, பேச்சு தடைபட்டது. நியூயார்க்கில் சிறுநீரக மாற்று அறுவை செய்யப்பட்டது. மருத்துவமனையில் இருந்தவாறே ஆண்டிப்பட்டித் தொகுதியில் வென்றார். 1985 பிப்ரவரியில் நாடு திரும்பி மீண்டும் முதலமைச்சரானார். பேச்சு முன்போல் தெளிவடையவில்லை. எனினும், மக்கள்முன் தோன்ற அவர் கூசவில்லை. 1987 டிசம்பர் 24 அன்று மறையும்வரை அப்பொறுப்பில் இருந்தார்.

நாம் கொள்ள வேண்டியது

எம்.ஜி.ஆருக்கு இழந்த குரல் திரும்பவில்லை; எஞ்சிய குரலைப் பயன்படுத்த அவர் வெட்கப்படவில்லை என்பதே அவரது வெற்றி. அவருக்கு உயர்ந்த மருத்துவமும் மக்களின் பேரன்பும் துணைநின்றன. எல்லாருக்கும் அவை எளிதில் வாய்ப்பதில்லை. கரகரத்த குரலோடும் தடைபட்ட பேச்சோடும் வாழ்வோர் நம் வகுப்பிலும் வீட்டிலும் இருக்கலாம். அவர்களைக் கேலி செய்யாமலும், இடைமறித்து நாமே சொல்லை முடித்துவைக்காமலும், அவர்கள் பேசி முடிக்கும்வரை பொறுமையோடு கேட்போம். பேசுபவரின் தன்னம்பிக்கை, கேட்பவரின் பண்பாலும் வளரும்.