நாழிச் சோற்றுக்கு வந்த ராஜா

அவர் ஒரு ராஜா. பெரிய நாட்டுக்கு ராஜா. யானைப் படை உண்டு. குதிரைப் படை உண்டு. அவர் கண் அசைத்தால் ஆயிரம் பேர் ஓடி வருவார்கள். ஆனால், ஒரே ஒரு காரியம் மட்டும் அவரால் முடியவில்லை. சாப்பாட்டில் கை வைத்தால், போதும் என்று எழுந்திருக்க முடியவில்லை!

அவர்தான் கோசல நாட்டு மன்னர் பிரசேனஜித். பாலி மொழி நூல்கள் அவரை பசேனதி என்று அழைக்கின்றன. சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். புத்தரின் நண்பர், அவருக்குச் சம வயதினர். தம்முடைய பருத்த உடம்போடு இந்த ராஜா நடத்திய போராட்டத்தைப் பவுத்த நூல்கள் எழுதி வைத்து இருக்கின்றன.

நடந்தது வடக்கே. ஆனால், புத்தர் சேலத்துப் பக்கத்துக்குப் புதியவர் அல்ல. ஏற்காடு மலையின் அடிவாரத்தில் இருக்கிறது சேலம். அங்கிருந்து கிழக்கே போய், ஆத்தூரைத் தாண்டினால் தியாகனூர் என்ற ஊர் வரும். அங்கே பெரிய கல் புத்தர்கள் இரண்டு பேர் அமர்ந்து இருக்கிறார்கள். அந்தப் புத்தரிடம் மூச்சு வாங்க வாங்க வந்து உட்கார்ந்த ராஜாவின் கதைதான் இது.

தட்சசீலத்து மாணவர்

பிரசேனஜித்தின் தந்தை பெயர் மகாகோசலன். தலைநகரம் சிராவஸ்தி. இன்று உத்தரப்பிரதேசத்தில் அதே பெயரில் ஒரு மாவட்டமே இருக்கிறது. பழைய நகரத்தின் மண் மதில்களையும், புத்தர் தங்கிய ஜேதவனத்தின் இடிபாடுகளையும் அங்கே காணலாம்.

இளவரசரைத் தட்சசீலத்துக்குப் படிக்க அனுப்பினார்கள். அந்த ஊர் இன்று பாகிஸ்தானில் உள்ளது. அங்கே அவருக்கு இரண்டு நண்பர்கள் கிடைத்தார்கள். ஒருவன் லிச்சவி குலத்து மகாலி. இன்னொருவன் மல்லர் குலத்து வீரன் பந்துலன். இந்தப் பந்துலனை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் வருவான்.

படிப்பு முடிந்து ஊர் திரும்பிய மகனின் திறமையைப் பார்த்துத் தந்தை மகிழ்ந்தார். மகனுக்கே பட்டம் கட்டி விட்டார்.

தோல்வியும் பட்டினியும்

பிரசேனஜித்தின் சகோதரியை மகத மன்னர் பிம்பிசாரனுக்குக் கட்டிக் கொடுத்து இருந்தார்கள். அவளுடைய குளியல் செலவுக்கு என்று காசி நாட்டில் ஒரு கிராமத்தையும் சீதனமாகக் கொடுத்தார்கள். பிம்பிசாரனை அவனுடைய மகன் அஜாதசத்ருவே கொன்றான். அந்தத் துக்கத்தில் பிரசேனஜித்தின் சகோதரியும் இறந்து போனாள்.

தகப்பனைக் கொன்றவனுக்குச் சீதனக் கிராமம் எதற்கு? பிரசேனஜித் அதைத் திரும்ப எடுத்துக் கொண்டார். சண்டை மூண்டது. மூன்று முறை கோசலப் படை தோற்றது. அவமானம் தாங்காத ராஜா சாப்பிட மறுத்துப் படுத்து விட்டார் என்று பழைய உரை சொல்கிறது. இதுதான் அவர் சுபாவம். சாப்பிட்டால் அளவு கிடையாது. கோபம் வந்தால் பட்டினி!

ஒருநாள் தோற்றுத் திரும்பும் வழியில் அவர் ஒரு பூந்தோட்டத்துக்குள் போனார். அங்கே இருந்த பெண் பெயர் மல்லிகை. மாலை கட்டுகிறவரின் மகள். களைத்து வந்தவருக்கு அவள் ஆறுதலாக இருந்தாள். அவளையே பட்டத்து ராணி ஆக்கினார் பிரசேனஜித்.

கடைசியில் ஒரு போரில் அவர் ஜெயித்தார். அஜாதசத்ரு உயிரோடு பிடிபட்டான். ஆனால், அவனைக் கொல்லவில்லை. சகோதரியின் உறவை நினைத்து விட்டு விட்டார்.

ஒரு துரோணம் சோறு

இத்தனை பெரிய ராஜா ஒரு வேளைக்கு எவ்வளவு சாப்பிடுவார் தெரியுமா? ஒரு துரோணம் அரிசிச் சோறு! அதற்கு ஏற்ற குழம்பும் கறியும் தனி. அந்தக் காலத்துக் கணக்கில் ஒரு துரோணம் என்பது 16 நாழி. நாழி என்ற பெயர் நமக்குப் பழக்கமானதுதான். நம் முன்னோர்கள் நெல்லும் அரிசியும் அளந்த அதே பெயர். நாழியின் அளவு ஊருக்கு ஊர் மாறும். எந்த நாழியால் அளந்தாலும், 16 நாழி ஒரு மனிதனின் சாப்பாடு ஆகாது.

சாப்பாடு முடிந்தால் தூக்கம் கண்ணைச் சொக்கும். ஆனால், நிம்மதியாகப் படுக்கவும் முடியாது. உட்கார்ந்தால் உடம்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயும். நடந்தால் இரைக்கும். நாட்டை ஆள்கிறவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கச் சிரமப்பட்டார்.

ஒருநாள் அப்படிச் சாப்பிட்ட கையோடு ஜேதவனத்துக்குப் போனார். மூச்சு வாங்கியது. வணங்கி ஓர் ஓரமாக உட்கார்ந்தார். புத்தர் அவருடைய நிலைமையைக் கண்டு கொண்டார். திட்டவில்லை. கேலி செய்யவில்லை. பட்டினி கிடக்கவும் சொல்லவில்லை. நாலே வரியில் ஒரு பாட்டுச் சொன்னார். எப்போதும் விழிப்பாக இருந்து, கிடைத்த உணவில் அளவு அறிந்து உண்கிறவனுக்கு நோயின் தொல்லை குறையும். அவன் மெதுவாகவே மூப்பு அடைவான். ஆயுளும் காக்கப்படும் என்பது அந்தப் பாட்டின் கருத்து.

கடைசிக் கவளம்

நல்ல வார்த்தையைக் கேட்பது சுலபம். சோற்றுக்கு முன் உட்காரும்போது அது ஞாபகம் வர வேண்டுமே! தம்மால் அது முடியாது என்பது ராஜாவுக்கே தெரிந்து இருந்தது. அதனால், அவர் ஒரு புத்திசாலித்தனமான காரியம் செய்தார். பிறர் உதவியைக் கேட்டார்.

அவருக்குப் பின்னால் சுதர்சனன் என்ற இளைஞன் நின்று கொண்டு இருந்தான். அவன் ராஜாவின் சகோதரி மகன் என்று உரை கூறுகிறது. அந்தப் பாட்டை மனப்பாடம் செய்து, தாம் சாப்பிடும்போது எல்லாம் சொல்லும்படி அவனுக்கு ராஜா கட்டளை இட்டார். அதற்குச் சம்பளம் நாள் ஒன்றுக்கு 100 காசு. நாட்டுக்கு ராஜாவானவர், தம் சாப்பாட்டுக்குத் தாமே ஒரு காவலாளியை வைத்துக் கொண்டார்!

எப்போது பாட்டுச் சொல்வது? பசியோடு உட்கார்ந்தவன் காதில் எந்தப் பாட்டும் ஏறாது. ஆகவே, முதல் கவளத்தில் சொல்லக் கூடாது. ராஜா கடைசிக் கவளத்தை எடுக்கும்போது சொல்ல வேண்டும். அதைக் கேட்டதும் ராஜா அந்த ஒரு கவளத்தை மட்டும் வைத்து விடுவார். அந்தக் கவளத்தில் எத்தனை பருக்கை என்று இளைஞன் கணக்கிடுவான். அடுத்த வேளைக்கு உலை வைக்கும்போது அவ்வளவு அரிசி குறையும். குழம்பும் கறியும் அதற்குத் தக்கபடி குறையும்.

இதுதான் வைத்தியம். மருந்து இல்லை. பத்தியம் இல்லை. ஒரு வேளைக்கு ஒரு கவளம்!

கொண்டை ஊசி வளைவுகள்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகிறவர்களுக்கு இந்த வைத்தியத்தின் ரகசியம் எளிதில் புரியும். ஏற்காடு சுமார் 5,000 அடி உயரத்தில் உள்ளது. மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. நேர் செங்குத்தாகப் பாதை போட்டு இருந்தால் எந்தப் பஸ்சும் ஏறாது. வளைந்து வளைந்து போவதால், ஏறுவதே தெரியாமல் உச்சிக்குப் போய் விடுகிறோம்.

ராஜா இறங்கியதும் அப்படித்தான். 16 நாழியிலிருந்து ஒரே நாளில் ஒரு நாழிக்கு வந்து இருந்தால், மறுநாளே பசி அவரைப் பிடித்து இழுத்து இருக்கும். ஒரு கவளம் குறைந்தது வயிற்றுக்குத் தெரியவில்லை. அது பழகிய பிறகு அடுத்த கவளம் போயிற்று. கடைசியில், ஒரு நாழிச் சோற்றுக்கு மேல் வேண்டாம் என்ற நிலைக்கு வந்து சேர்ந்தார்.

உடம்பு மெலிந்தது. ஒருநாள் தம் கையால் தம் உடம்பைத் தடவிப் பார்த்துப் பூரித்துப் போனார். இந்த உலக வாழ்வுக்கும் மறு உலக வாழ்வுக்கும் புத்தர் வழி காட்டி விட்டார் என்று புகழ்ந்தார். ஓடும் மானையும் குதிரையையும் துரத்திப் பிடிக்கும் அளவுக்குச் சுறுசுறுப்பு வந்து விட்டது என்று உரை சொல்கிறது. மனமும் லேசாயிற்று. பகைவனாக இருந்த அஜாதசத்ருவுக்குத் தம் மகள் வஜிராவைக் கட்டிக் கொடுத்தார். சண்டைக்குக் காரணமான கிராமத்தையும் சீதனமாகக் கொடுத்து விட்டார்.

மத்தியப் பிரதேசத்தில் பார்ஹுத் என்ற இடத்தில், கிறிஸ்துவுக்கு முந்திய காலத்துப் பவுத்தச் சிற்பங்கள் கிடைத்தன. ஒரு கல்லில் ராஜா ரதம் ஏறிப் போகிறார். பக்கத்தில் அவர் பெயரும் பொறிக்கப்பட்டு இருக்கிறது. கோசல ராஜா பிரசேனஜித்தான் அவர். அந்தச் சிற்பங்கள் கொல்கத்தா இந்திய மியூசியத்தில் உள்ளன.

தடுக்க ஆள் இல்லை

வயிற்றை வென்ற ராஜா, காதை வெல்லவில்லை!

தட்சசீலத்து நண்பன் பந்துலன் கோசலத்தின் சேனாதிபதியாக இருந்தான். லஞ்சம் வாங்கிய நீதிபதிகள் தவறாகத் தீர்த்த ஒரு வழக்கை அவன் நியாயமாகத் தீர்த்தான். ஜனங்கள் அவனைப் புகழ்ந்தார்கள். ராஜா அவனையே நீதிபதி ஆக்கினார். பதவி இழந்தவர்கள் சும்மா இருப்பார்களா? பந்துலன் சிம்மாசனத்துக்கு ஆசைப்படுகிறான் என்று கதை கட்டினார்கள். ராஜா நம்பி விட்டார். எல்லையில் கலகம் என்று பொய் சொல்லி, பந்துலனையும் அவன் பிள்ளைகளையும் அனுப்பினார். திரும்பும் வழியில் அத்தனை பேரையும் கொல்லச் செய்தார்.

பிறகு உண்மை தெரிந்தது. ராஜா துடித்தார். பந்துலனின் மருமகன் காராயணனைச் சேனாதிபதி ஆக்கினார். ஆனால், காராயணன் மாமனின் ரத்தத்தை மறக்கவில்லை.

சோற்றில் கை வைத்தபோது தடுக்க ஒரு சுதர்சனன் இருந்தான். கோள் சொல்லுக்குக் காது கொடுத்தபோது தடுக்க ஒருவரும் இல்லை. இன்பத்திலும் துன்பத்திலும் கூட இருந்த ராணி மல்லிகையும் அவருக்கு முன்பே கண்ணை மூடி விட்டாள்.

மூடிய கதவு

அப்போது ராஜாவுக்கு வயது 80. சாக்கியர் நாட்டில் தங்கி இருந்த புத்தரைப் பார்க்கப் போனார். உடைவாளையும் தலைப்பாகையையும் காராயணனிடம் கொடுத்து விட்டு உள்ளே நுழைந்தார். நெடுநேரம் பேசி விட்டு வெளியே வந்தார். சேனை இல்லை. ஒரு குதிரையும், ஒரு வேலைக்காரியும் மட்டும் நின்றார்கள். ராஜ சின்னங்களோடு காராயணன் போய், இளவரசன் விடூடபனுக்குப் பட்டம் கட்டி விட்டான்!

மருமகன் அஜாதசத்ருவிடம் உதவி கேட்கலாம் என்று முதியவர் ராஜகிருகத்துக்குப் புறப்பட்டார். நெடுந்தூரப் பயணம். வெயிலும் காற்றும் அவரை வாட்டின. வழியில் கிடைத்த முரட்டுச் சோறும் தண்ணீரும் அவர் உடம்புக்கு ஒத்துக் கொள்ளவில்லை. போய்ச் சேர்ந்தபோது கோட்டைக் கதவை மூடி விட்டார்கள். வெளியே ஒரு சத்திரத்தில் படுத்தார். விடியும் முன் உயிர் போய் விட்டது. வேலைக்காரியின் அழுகுரல் கேட்டுத்தான் இறந்தவர் யார் என்று ஊருக்குத் தெரிந்தது. அஜாதசத்ரு ராஜ மரியாதையோடு இறுதிச் சடங்கு செய்தான்.

நம் வீட்டு நாழி

ராஜாவுக்கு வந்த பருமன் இன்று வீட்டுக்கு வீடு வந்து விட்டது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்கு உட்பட்ட பெண்களில் 100க்கு 40 பேரும், ஆண்களில் 100க்கு 37 பேரும் அளவுக்கு மேல் எடை உள்ளவர்கள். அதிக எடை சர்க்கரை வியாதிக்கும், ரத்தக் கொதிப்புக்கும், முழங்கால் வலிக்கும் வழி விடுகிறது.

ஏற்காட்டைச் சுற்றிய சேர்வராயன் மலைக் கிராமங்களில் முன்பு சாமையும், தினையும், கேழ்வரகும் விளைவித்துச் சாப்பிட்டார்கள். மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கி உழைத்தார்கள். சாமையும் கேழ்வரகும் நல்ல தானியங்கள்தான். ஆனால், சாமைச் சோற்றையும் ஒரு துரோணம் சாப்பிட்டால் உடம்பு பருக்கத்தான் செய்யும். தானியத்தை மாற்றுவதோடு அளவையும் பார்க்க வேண்டும்.

அதற்கு 100 காசு கொடுத்து ஆள் வைக்க வேண்டியது இல்லை. வீட்டில் மனைவியோ, கணவனோ, பள்ளிக்கூடம் போகும் பிள்ளையோ இருந்தால் போதும். பிரசேனஜித் செய்தது போல, நாமே அவர்களிடம் கேட்டுக் கொள்ள வேண்டும். அவர்கள் கடைசிக் கவளத்தில் ஞாபகப்படுத்தினால் கோபிக்கக் கூடாது. சர்க்கரை வியாதிக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்ட பிறகே சாப்பாட்டைக் குறைக்க வேண்டும்.

ஒரு கவளம்தான். அதை வைத்து விட்டு எழுந்திருக்கப் பழகியதால், 16 நாழி சாப்பிட்ட ராஜா ஒரு நாழிக்கு வந்தார். 80 வயதிலும் குதிரை ஏறிப் பயணம் போனார்.