வேலை தேடிய கணித மேதை

கணிதம் என்று சொன்னதும் நம் நாட்டவர் அனைவருக்கும் முதலில் நினைவுக்கு வருபவர் சீனிவாச இராமானுஜன். அவர் பிறந்த டிசம்பர் 22ஆம் நாளைத் தேசியக் கணித நாளாகக் கொண்டாடுகிறோம். அவர் இங்கிலாந்து சென்றதையும், பேராசிரியர் ஹார்டி அவரை வியந்து போற்றியதையும் நம்மில் பலர் அறிவோம். ஆனால் அதற்கு முன் சில ஆண்டுகள், ஒரு சாதாரண குமாஸ்தா வேலைக்காக அவர் வீடு வீடாக ஏறி இறங்கினார். அந்த ஆண்டுகளைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம்.

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தை சீனிவாச ஐயங்கார் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கர். அந்தச் சொற்ப ஊதியத்தில்தான் குடும்பம் நடந்தது. தாயார் கோமளத்தம்மாள் மகன்மீது உயிரையே வைத்திருந்தார். பள்ளியில் இராமானுஜன் பரிசு மேல் பரிசு வாங்கினார். 1904ஆம் ஆண்டு உபகாரச் சம்பளத்துடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார்.

அங்கேதான் தொல்லை தொடங்கியது. கணிதத்தைத் தவிர வேறு எதிலும் அவர் மனம் செல்லவில்லை. மற்றப் பாடங்களில் தோற்றார். உபகாரச் சம்பளமும் போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எஃப்.ஏ. தேர்வு எழுதினார். அதிலும் தோல்வியே. 1907ஆம் ஆண்டுடன் கல்லூரிப் படிப்பு முடிந்துவிட்டது. அவருடைய நோட்டுப் புத்தகங்களில் அதுவரை யாரும் கண்டிராத சூத்திரங்கள் நிறைந்திருந்தன. ஆனால், காட்டுவதற்குக் கல்லூரிச் சான்றிதழ் ஒன்றுகூட இல்லை.

1909ஆம் ஆண்டு பெற்றோர் அவருக்கு ஜானகி என்னும் சிறுமியை மணம் முடித்து வைத்தனர். இனி சம்பாதிக்க வேண்டும் என்ற கடமையும் வந்து சேர்ந்தது. மாணவர்களுக்குத் தனிப்பாடம் சொல்லிப் பார்த்தார். தேர்வுக்கு வேண்டியதை மட்டும் சொல்லிக்கொடுக்க அவரால் முடியவில்லை. ஒரு கணக்கைத் தொட்டால் அது எங்கெங்கோ அவரை இழுத்துச் சென்றுவிடும். அந்த வழியிலும் வருவாய் இல்லை.

1910ஆம் ஆண்டு அவர் திருக்கோவிலூருக்குப் போனார். அங்கு டிப்டி கலெக்டராக இருந்த இராமசாமி ஐயர், இந்தியக் கணிதச் சங்கத்தைத் தோற்றுவித்தவர். அவருடைய அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா வேலை தருமாறு கேட்டு, இராமானுஜன் தம் நோட்டுப் புத்தகத்தை நீட்டினார். அதைப் புரட்டிப் பார்த்த இராமசாமி ஐயர் திகைத்துப் போனார். இத்தகைய அறிவாளியை வருவாய்த் துறையின் கடைசிப் படியில் உட்கார வைத்து வீணாக்க அவருக்கு மனம் வரவில்லை. வேலை தரவில்லை. சென்னையிலுள்ள நண்பர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

இதை நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். மறுப்பு அன்பினால் வந்தாலும் மறுப்புத்தான். கையில் கடிதம் இருந்தது. அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி இல்லை. அறிவைப் பாராட்டியவர் பலர் இருந்தும், வேலை தேடும் இளைஞரின் துன்பம் தீரவில்லை.

சென்னையில் அவருடைய பழைய ஆசிரியர் சேஷு ஐயர், நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவிடம் அவரை அனுப்பினார். அவரும் கணிதத்தில் ஆர்வம் மிக்கவர். ஆயினும் முதலில் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. இராமானுஜன் மனம் தளராமல் மீண்டும் சென்றார். எளிய கணக்குகளிலிருந்து தொடங்கி, படிப்படியாகக் கடினமானவற்றை விளக்கினார். முடிவில் இராமச்சந்திர ராவின் ஐயம் நீங்கியது. என்ன வேண்டும் என்று அவர் கேட்டபோது, உணவுக் கவலையின்றி ஆராய்ச்சி செய்ய வழி கிடைத்தால் போதும் என்றார் இராமானுஜன். இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் தம் சொந்தப் பணத்திலிருந்து அனுப்பி வந்தார். 1911ஆம் ஆண்டு இராமானுஜனின் முதல் ஆராய்ச்சிக் கட்டுரை கணிதச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது.

உதவிப் பணத்திலேயே காலம் கழிக்க அவர் விரும்பவில்லை. உழைத்துச் சாப்பிடவே நினைத்தார். 1912ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில், மாதம் 20 ரூபாய்க்குத் தற்காலிக வேலை பார்த்தார். அது சில வாரங்களில் முடிந்துவிட்டது. பிப்ரவரி மாதம் திருவல்லிக்கேணியிலிருந்து சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். அது சில வரிகளே கொண்ட கடிதம். மெட்ரிகுலேஷன் தேறியதைச் சொன்னார். எஃப்.ஏ. வரை படித்தும் மேலே தொடர முடியாமல் போனதையும் சொன்னார். தேறாத தேர்வைத் தேறியதாகக் கூறவில்லை. கணிதத்திலேயே காலம் செலவிட்டு வருவதாகவும், கொடுக்கும் வேலையைச் சரியாகச் செய்ய முடியும் என்ற உறுதி தமக்கு உண்டு என்றும் முடித்தார். மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் தந்த சிபாரிசுக் கடிதத்தையும் இணைத்திருந்தார்.

1912 மார்ச் 1ஆம் நாள் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 30 ரூபாய். உலகம் போற்றப் போகும் மேதைக்கு இது எவ்வளவு சிறிய வேலை என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் அந்த 30 ரூபாயில் அவருடைய குடும்பம் நிம்மதியாக மூச்சு விட்டது. ஜானகியும் சென்னைக்கு வந்தார். அலுவலகத்தின் தலைமைக் கணக்கர் நாராயண ஐயரும் கணிதம் அறிந்தவர். மாலை நேரங்களில் இருவரும் சிலேட்டில் கணக்குப் போட்டுப் பேசிக்கொண்டிருப்பார்கள். கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவருக்கு ஆதரவாக இருந்தார்.

துறைமுகக் குமாஸ்தாவாக இருக்கும்போதுதான், 1913 ஜனவரி 16ஆம் நாள் ஹார்டிக்கு அந்தப் புகழ்பெற்ற கடிதத்தை எழுதினார். தாம் ஆண்டுக்கு 20 பவுன் சம்பளம் வாங்கும் குமாஸ்தா என்பதை முதல் வரியிலேயே கூசாமல் சொன்னார். அதே ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் அளித்தது. 1914இல் கப்பல் ஏறினார். 1918இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். உடல் நலிந்து தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26இல் தமது 32ஆம் வயதில் காலமானார்.

ஜானகி அம்மாளையும் நாம் மறந்துவிடக் கூடாது. இளம் வயதிலேயே கணவரை இழந்த அவர், தையல் கற்று, திருவல்லிக்கேணியில் துணி தைத்தும் தையல் சொல்லிக்கொடுத்தும் தம் காலில் நின்றார். 1994 வரை வாழ்ந்தார். வேலை தேடுவது ஆண்களின் கவலை மட்டும் அன்று என்பதை அவர் வாழ்க்கை பெண்களாகிய நமக்குக் காட்டுகிறது.

தோழியரே, நம் வீடுகளிலும் படிப்பை முடித்துவிட்டுத் தபால்காரரை எதிர்பார்த்து நிற்கும் அக்காமாரும் அண்ணன்மாரும் இருக்கிறார்கள். வேலை கிடைத்துவிட்டதா என்று உறவினர் கேட்கும்போதெல்லாம் அவர்கள் தலை குனிகிறது. வேலை கிடைக்காததால் ஒருவர் திறமையற்றவர் ஆகிவிடமாட்டார். இராமானுஜனுக்கு வேலை தர முடியாதவர்களும் அவரை வெறுங்கையோடு அனுப்பவில்லை. ஒருவர் கடிதம் தந்தார். மற்றொருவர் வேறொருவரின் வீட்டைக் காட்டினார். இன்னொருவர் பொறுமையாகக் கேட்டார். அப்படிப் பலர் கைகொடுத்ததால்தான் அவர் துறைமுக அலுவலகம் வரை வந்து சேர்ந்தார். நாளை நாம் வேலை தேடும்போது அவருடைய நேர்மையும் விடாமுயற்சியும் நமக்கு வேண்டும். நம்மிடம் ஒருவர் வேலை தேடி வரும்போது அந்த நல்லவர்களின் மனமும் நமக்கு வேண்டும்.