நோவாவின் 3 மகன்களும் ஒரு கல்கத்தா நீதிபதியும்: ஆரியர், திராவிடர் பேச்சுக்கு முந்தைய கதை

கராடியில் வேலை பார்க்கிற தமிழரா நீங்க? அப்படியென்றால் இந்தக் கேள்வி ஒரு முறையாவது உங்களிடம் வந்திருக்கும். மதியம் ஐடி பார்க் வாசலில் கட்டிங் சாய் குடிக்கும்போது யாராவது சும்மா கேட்பார்கள்: நீங்கள்லாம் திராவிடர்கள்தானே, நாங்க ஆரியர்கள், இல்லையா? ஏதோ ஒரு பதிலைச் சொல்லிவிட்டு லிஃப்ட் பக்கம் போய்விடுவோம்.

உலக மக்களை இப்படிக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துப் பார்க்கிற பழக்கத்துக்குப் பின்னால் பைபிளின் ஒரு வம்சப் பட்டியல் இருக்கிறது. அதை இந்தியாவோடு பொருத்திப் பார்க்க 10 வருஷம் உழைத்தவர் சர் வில்லியம் ஜோன்ஸ். சமஸ்கிருதமும் கிரேக்கமும் சொந்தக்கார மொழிகள் என்று சொன்னவர் என்று பள்ளிப் பாடத்தில் அவரை ஒரே வரியில் கடந்திருப்பீர்கள். அந்த வரியில் பாதிக் கதைதான் இருக்கிறது.

அது என்ன பட்டியல்?

பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தின் 10ஆம் அதிகாரம் முழுக்க பெயர்கள்தான். நோவாவுக்கு சேம், காம், யாப்பேத்து என்று 3 மகன்கள். பெருவெள்ளத்தில் தப்பியது அந்த ஒரே குடும்பம் என்பதால், பூமியில் இருக்கிற எல்லா ஜனங்களும் அந்த மூவரின் வாரிசுகள் என்று ஆகிறது. யார் யாருக்குப் பிறந்தார், எந்த தேசம் யாருடைய வம்சம் என்று அந்த அதிகாரம் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகும்.

18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் படித்தவர்களில் பெரும்பாலோருக்கு இது சரித்திரம். அயர்லாந்தைச் சேர்ந்த பேராயர் ஜேம்ஸ் அஷர் இன்னும் ஒரு படி மேலே போய் வருஷக் கணக்கே போட்டிருந்தார்: உலகம் உண்டானது கி.மு. 4004, வெள்ளம் வந்தது கி.மு. 2348. எகிப்தியருக்கும் கிரேக்கருக்கும் பட்டியலில் இடம் இருந்தது. ஆனால் சீனர்? இந்தியர்? கப்பல்கள் புதுப்புது ஜனங்களைப் பார்த்துவிட்டு வர வர, இவர்களை எந்த மகனின் கணக்கில் எழுதுவது என்ற தலைவலியும் கூடிக்கொண்டே போனது.

ஜோன்ஸ் பிறந்தது அந்தக் காலத்தில்தான். 1746ல், லண்டனில். அப்பா பெயரும் வில்லியம் ஜோன்ஸ்தான். வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் எண்ணுக்கு ‘பை’ என்ற கிரேக்க எழுத்தை 1706ல் முதன்முதலாகப் பயன்படுத்திய கணித மேதை அவர். மகனுக்கு 3 வயதாகும்போது இறந்துபோனார். அம்மா வளர்த்த பிள்ளை, புத்தகத்தை விட்டு எழுந்திருக்காத பிள்ளையாக வளர்ந்தது.

ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கும்போதே அரபியும் பாரசீகமும் கற்றுக்கொண்டார். நாதிர் ஷாவின் வரலாற்றைப் பாரசீகத்திலிருந்து பிரெஞ்சுக்கு மொழிபெயர்த்துத் தரச் சொன்னவர் டென்மார்க் அரசர்; அது 1770ல் வெளியானது. அடுத்த வருஷம் பாரசீக மொழிக்கு ஒரு இலக்கண நூல். 25 வயதில் ராயல் சொசைட்டியில் உறுப்பினர். பெயர் கிடைத்தது, பணம்தான் கிடைக்கவில்லை. அதனால் சட்டம் படித்து வக்கீல் ஆனார்.

அரசியலில் அவர் கலகக்காரர். அமெரிக்கக் குடியேற்றங்களின் விடுதலையை ஆதரித்தார். பெஞ்சமின் ஃபிராங்க்ளினுக்கு நண்பர். ஆட்சி முறை பற்றி அவர் எழுதிய சின்னப் பிரசுரத்தை மறுபடி அச்சிட்டதற்காக அவருடைய மைத்துனர் மேல் அவதூறு வழக்கே நடந்தது. இவ்வளவு பேசியவர், இந்தியர்களுக்கு மட்டும் சுதந்திரம் ஒத்துவராது என்றுதான் கடைசிவரை நினைத்தார். இதைத் தெரிந்துகொண்டே மேலே படிப்பது நல்லது.

1783ல் கல்கத்தா உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வேலை கிடைத்தது. சர் பட்டம் வந்தது, கல்யாணமும் முடிந்தது. மனைவி அன்னா மரியாவோடு கப்பல் ஏறினார். சில வருஷம் சம்பாதித்துச் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பி நிம்மதியாக இருக்கலாம் என்பது அவர் கணக்கு. ஆன்சைட் போகிறவர்கள் போடுகிற அதே கணக்குதான்.

ஊருக்கு வந்து 4 மாதத்துக்குள், 1784 ஜனவரியில், ஏசியாடிக் சொசைட்டியைத் தொடங்கிவிட்டார். ஆசியாவைப் பற்றி எல்லாவற்றையும் ஆராயும் சங்கம். அதில் இந்தியர்களைச் சேர்த்துக்கொள்ள 1829 வரை ஆனது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சமஸ்கிருதம் படிக்கும் எண்ணம் அவருக்கு முதலில் இல்லை. நீதிமன்றத்தில் தர்மசாஸ்திரத்துக்குப் பண்டிதர்கள் சொல்லும் விளக்கத்தை நம்பித் தீர்ப்பு எழுத அவருக்கு மனம் வரவில்லை. மூலத்தைத் தானே படித்துவிட நினைத்தார். பிராமணப் பண்டிதர்கள் சொல்லித்தரத் தயங்கினார்கள். கடைசியில் 1785ல் நதியா பக்கம் ராமலோசனர் என்ற வைத்தியர் குலத்துப் பண்டிதர் ஆசிரியராகக் கிடைத்தார்.

சில மாதங்களிலேயே அவருக்குப் பொறி தட்டிவிட்டது. 1786 பிப்ரவரி 2ஆம் தேதி சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் அதைச் சொன்னார். சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றுக்கும் வினைவேர்களிலும் இலக்கணத்திலும் இருக்கிற ஒற்றுமை தற்செயலாக வந்திருக்க முடியாது. இவை ஒரே மூலத்திலிருந்து பிறந்தவை, அந்த மூலம் இப்போது இல்லாமலும் போயிருக்கலாம் என்பது அவர் வாதம். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று அவர் சொல்லவில்லை. மூன்றுமே அக்கா தங்கைகள், தாய் காணாமல் போய்விட்டாள் என்றார். நவீன மொழியியலின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாக இதைத்தான் இன்றும் சொல்கிறார்கள்.

பாடப் புத்தகம் நிறுத்துவது இங்கேதான். ஜோன்ஸ் நிறுத்தவில்லை.

நிஜத்தில் அவர் தேடியது எதை?

அந்த உரை ஒரு தொடரின் முதல் பகுதி. 1786ல் இந்தியர்கள். அடுத்தடுத்த வருஷங்களில் அரபியர், தாதாரியர், பாரசீகர், சீனர் என்று ஆண்டுக்கு ஒரு ஜனம். 1791ல் எல்லைப்புறங்களிலும் மலைகளிலும் தீவுகளிலும் வாழ்பவர்கள். 1792 பிப்ரவரியில் நிறைவு உரை. தலைப்பே தேசங்களின் தோற்றமும் குடும்பங்களும்தான். வெள்ளத்துக்குப் பிறகு மனிதர்கள் ஈரானிலிருந்து 3 கிளையாகப் பிரிந்து போனார்கள் என்று அதில் முடிவு சொன்னார். யூதரும் அரபியரும் சேம் வம்சம். தாதாரியர் யாப்பேத்து வம்சம். இந்தியரும் பாரசீகரும் கிரேக்கரும் ரோமரும் கோத்தியரும் எகிப்தியரும் காம் வம்சம்.

ஆங்கிலேயரின் மூதாதையர் கோத்தியக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். ஐரோப்பியர்கள் அதுவரை தங்களை யாப்பேத்தின் பிள்ளைகளாகத்தான் எண்ணியிருந்தார்கள். நோவா சபித்தது காமின் மகன் கானானை. அந்தச் சாபத்தைக் காட்டித்தான் ஆப்பிரிக்கரை அடிமையாக்குவது நியாயம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அதே காமின் கிளையில் கிரேக்கரையும் ரோமரையும் கோத்தியரையும் இந்தியரோடு சேர்த்து உட்காரவைத்தார் ஜோன்ஸ். அதுவே மூன்றிலும் அறிவில் சிறந்த கிளை என்றும் கருதினார். ஆள்பவனும் ஆளப்படுபவனும் பங்காளிகள் என்றாகிவிட்டது.

மொழிச் சான்று எங்கே முடிகிறது, நம்பிக்கை எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். எகிப்தியரை இந்தியரோடு சேர்க்க மொழி உதவவில்லை. கோயில், கடவுள், வழக்கம் இவற்றை வைத்துச் சேர்த்தார். பெருநாட்டு இன்காக்களின் திருவிழாப் பெயரில் ராமனும் சீதையும் கேட்டார்கள் அவருக்கு. வட இந்தியாவின் ஹிந்தியை சமஸ்கிருதத்துக்குச் சம்பந்தமில்லாத வேறு வேர் கொண்டது என்று நினைத்தார். (ஹிந்தி வராமல் புனேவில் ஆட்டோவுக்குத் தடுமாறும் நம்மவர்கள் இதில் கொஞ்சம் ஆறுதல் பட்டுக்கொள்ளலாம்.)

புராணக் காலக்கணக்கு இன்னொரு தொல்லை. கலியுகம் மட்டுமே 4,32,000 ஆண்டு. உலகத்துக்கே 6,000 ஆண்டுதான் வயது என்று நம்பியவர் அதை எங்கே வைப்பது? பெரிய எண்களைப் புராணக் கற்பனை என்று தள்ளினார். மச்ச அவதாரக் கதையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வெள்ளத்தில் மீன் காப்பாற்றிய சத்தியவிரதன்தான் நோவா என்று பொருத்தி, இந்திய சரித்திரத்தை அங்கிருந்து தொடங்கினார். ஆதியாகமத்தின் முதல் 11 அதிகாரங்கள் பொய்யானால் தன் மதம் மொத்தமும் பொய்யாகிவிடும் என்ற கவலை அவருக்கு நிஜமாகவே இருந்தது. அவர் பணயம் வைத்திருந்தது அவ்வளவு பெரியது.

வேண்டியது வேண்டியபடியே கிடைக்கும்போதுதான் ஏமாற்றமும் நடக்கும். காசியில் இருந்த வில்ஃபோர்ட் என்ற ராணுவ அதிகாரி, புராணங்களில் எகிப்தும் நோவாவும் எங்கே வருகிறார்கள் என்று தன் பண்டிதரைத் துருவிக்கொண்டே இருந்தார். ஒருநாள் பத்ம புராண ஏட்டில் அது கிடைத்தது: வெள்ளக் காலத்து அரசனுக்கு சர்மன், சார்மன், ஜியாபேதி என்று 3 பிள்ளைகள்! ஜோன்ஸும் நம்பினார்; அந்தப் பகுதியைத் தானே மொழிபெயர்த்து வில்ஃபோர்டின் கட்டுரையோடு சங்கத்தின் ஆய்விதழில் சேர்த்தார். பண்டிதர் ஏடுகளைத் திருத்தியும் புதிதாக எழுதிச் சேர்த்தும் வைத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. 1805ல் வில்ஃபோர்டே அதை அச்சில் ஒப்புக்கொண்டார். பண்டிதரைத் திட்டுவது சுலபம். கேட்ட துரைக்கு வேண்டியதை அவர் எழுதிக் கொடுத்தார், அவ்வளவுதான்.

அதைப் பார்க்க ஜோன்ஸ் உயிரோடு இல்லை. சாகுந்தலத்தை 1789ல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். கிரேக்கர்கள் சாண்ட்ரகோட்டஸ் என்று எழுதியது சந்திரகுப்த மௌரியரைத்தான் என்று 1793ல் கண்டுசொன்னார். பழைய இந்தியாவின் காலவரிசை இன்றும் அந்த ஆணியில்தான் தொங்குகிறது. உடல்நலம் கெட்ட மனைவியை அதே வருஷம் ஊருக்கு அனுப்பிவிட்டு, சட்டத் தொகுப்பு வேலையை முடிக்கத் தனியாகத் தங்கினார். மனு தர்ம மொழிபெயர்ப்பு வெளியான 1794ல், ஏப்ரல் 27ஆம் தேதி, கல்லீரல் வீக்கத்தில் இறந்தார். வயது 47. கல்கத்தா சவுத் பார்க் ஸ்ட்ரீட் கல்லறையில் அவர் சமாதி இருக்கிறது.

நம்ம கதை எங்கே?

ஜோன்ஸின் மரத்தில் தமிழுக்குத் தனிக் கிளை கிடையாது. அவருக்குத் தமிழ் தெரியாது. 1816ல் சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ், தமிழும் தெலுங்கும் கன்னடமும் சமஸ்கிருதத்திலிருந்து பிறக்காத தனிக் குடும்பம் என்று வேர்ச்சொற்களை அடுக்கிக் காட்டினார். 1856ல் கால்டுவெல் அதற்குத் திராவிடம் என்ற பெயரை நிலைநிறுத்தினார். மரம் வரையும் முறை மட்டும் அதேதான்: ஒரு மூதாதை, பல பிள்ளைகள்.

நோவா மெல்ல மறைந்துபோனார், பெயர்கள் தங்கிவிட்டன. செமிட்டிக் மொழிகள் என்கிறோமே, அது சேமின் பெயர். ஐரோப்பியர்களோ காமின் வீட்டைக் காலி செய்துகொண்டு ஆரியர் என்ற புதுப் பெயரில் குடியேறினார்கள்; 19ஆம் நூற்றாண்டில் மொழிக்கு வைத்த அந்தப் பெயர் ரத்தத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது. ஜோன்ஸின் மரத்திலேயே மொழியும் வம்சமும் ஒன்றாகக் கலந்துதான் இருந்தன. ஆனால் மொழி கைமாறும், ரத்தம் அப்படி மாறாது. உங்கள் பேரப்பிள்ளை கராடியிலேயே வளர்ந்து மராத்தி மட்டும் பேசினால் அது எந்தக் கிளை?

நகர் ரோட்டில் எரவாடா பக்கம் போனால் டெக்கான் கல்லூரி இருக்கிறது. ராக்கிகடியில் கிடைத்த சிந்துவெளிக் காலத்துப் பெண் ஒருவரின் மரபணு ஆய்வை 2019ல் வெளியிட்ட குழுவில் அந்தக் கல்லூரியின் வசந்த் ஷிண்டே முதன்மையானவர். அந்தப் பெண்ணிடம் மத்திய ஆசியப் புல்வெளி மேய்ப்பர்களின் மரபணு இல்லை. ஆரியர் வரவே இல்லை என்று ஒரு தரப்பு இதைக் காட்டியது. அப்படியானால் அவர்கள் பிறகு வந்திருக்கிறார்கள் என்று இன்னொரு தரப்பு அதையே காட்டியது. அவர் என்ன மொழி பேசினார் என்று எலும்பு சொல்லாது.

ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. ஜோன்ஸ் நோவா என்று நினைத்த அந்த சத்தியவிரதனைப் பாகவதம் திராவிட தேசத்து அரசன் என்கிறது. அவன் கையில் மீன் வந்து சேர்ந்தது கிருதமாலா நதியில். மதுரைக்காரர் என்றால் உங்களுக்கு அந்த இடம் தெரிந்திருக்கும்: ஊருக்குள் சாக்கடையோடு சாக்கடையாக ஓடும் கிருதுமால்தான் அது என்று உள்ளூரில் சொல்வார்கள்.