பதுங்குகுழியின் மூச்சும் ஜோன் ஸ்கொட் ஹோல்டேனும்

பதுங்குகுழி என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது மூச்சு. ஷெல் சத்தம் அதற்குப் பிறகுதான். பனங்குற்றிகளும் மண்மூட்டைகளும் போட்டு மூடிய குழிக்குள் ஒன்பது பேர் நெருங்கி இருப்போம். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு கனக்கும், தலை இடிக்கும், வேர்வை காயாது. அம்மம்மா வாசலில் தொங்கும் சாக்கை ஒரு கையால் விலக்குவா. எல்லோரும் அந்தப் பக்கம் சரிவோம். உள்ளே ஒட்சிசன் முடிந்துபோய்விட்டது என்றுதான் கனகாலம் நினைத்திருந்தேன். அது சரியான விளக்கம் இல்லை என்பதை, நான் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்னரே இறந்துபோன ஒரு ஸ்கொட்லாந்துக்காரரின் வாழ்க்கையை வாசித்தபோதுதான் அறிந்தேன்.

ஜோன் ஸ்கொட் ஹோல்டேன் 1860இல் எடின்பரோவில், வசதியான குடும்பமொன்றில் பிறந்தார். 1884இல் அங்கேயே மருத்துவப் பட்டம் பெற்றார். ஆனால் நோயாளர் பார்க்கும் தொழிலை அவர் பிடித்துக்கொள்ளவில்லை. டண்டி நகரில் ஏழைக் குடும்பங்கள் ஒரே அறைக்குள் நெருங்கிப் படுக்கும் வீடுகளுக்கு நடுச்சாமத்தில் போய், அங்கிருந்த காற்றைப் பிடித்து அளந்த குழுவில் ஒருவராக இருந்தார். பிறகு ஒக்ஸ்போர்ட் சென்றார். ஆயுள் முழுக்க அவர் படித்தது காற்றையும், அதைச் சுவாசிக்கும் மனிதரையும்தான்.

1896 ஜனவரியில் வேல்ஸில் உள்ள டைலர்ஸ்டவுன் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. 57 பேர் இறந்தனர். வெடிப்பின் அடியிலும் நெருப்பிலும் செத்தார்கள் என்றுதான் பொதுவாக நம்பப்பட்டது. ஹோல்டேன் நேரில் போய் உடல்களைப் பரிசோதித்தார். பலரின் தோல் செந்நிறமாக இருந்தது. அது காபனோரொட்சைட்டின் அடையாளம். பெரும்பாலானோரைக் கொன்றது வெடிப்புக்குப் பின் சுரங்கத்தில் பரவிய அந்த நச்சுவாயுதான் என்று அவர் அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதினார். அவர்களில் பலர் வெடித்த கணத்தில் இறக்கவில்லை. சில நிமிடங்களாவது உயிரோடு இருந்திருக்கிறார்கள். அப்படியென்றால் அவர்களைக் காப்பாற்ற வழி இருந்திருக்கும்.

இந்த இடத்தில் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். இறந்தவர் எப்படி இறந்தார் என்ற கேள்விக்கு இன்னும் பதில் கிடைக்காத வீடுகள் எங்கள் ஊர்களில் எத்தனை இருக்கின்றன என்பது இதை வாசிக்கும் உங்களுக்குத் தெரியும். அந்தச் சுரங்கத்துக்கு ஒருவர் போனார், பார்த்தார், காரணத்தை எழுதினார். அதற்குப் பிறகு அவர் சொன்னபடி சுரங்கங்களுக்குள் சிறு பறவைகளைக் கொண்டுபோகத் தொடங்கினார்கள். வாயு இருந்தால் கனேரிக் குருவி மனிதருக்கு முன்னர் தள்ளாடி விழும். தொழிலாளர் வெளியே ஓடத் தப்பித்துக்கொள்ள நேரம் கிடைக்கும். பிரித்தானியச் சுரங்கங்களில் 1986 வரை அந்தக் குருவிகள் இருந்தன.

காபனோரொட்சைட்டு ஏன் கொல்கிறது என்று விளங்க, நுரையீரலின் வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குள் ஏறக்குறைய 300 மில்லியன் சிற்றறைகள் உள்ளன. எல்லாவற்றையும் விரித்தால் சுமார் 70 சதுர மீற்றர் வரும். ஒவ்வொன்றையும் மிக மெல்லிய குருதிக் குழாய்கள் சுற்றியிருக்கின்றன. காற்றுக்கும் குருதிக்கும் நடுவிலுள்ள சுவர் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கை விடவும் மெல்லியது. சிற்றறையில் ஒட்சிசனின் அழுத்தம் கூட, வந்துசேரும் குருதியில் குறைவு. அதனால் ஒட்சிசன் தானாகவே உள்ளே பரவுகிறது. செங்குழியம் அந்த இடத்தைக் கடக்க ஒரு செக்கன்கூட ஆகாது. அதற்குள் ஈமோகுளோபின் ஒட்சிசனைப் பிடித்துவிடும். காபனோரொட்சைட்டு அதே ஆசனத்தில் 200 மடங்குக்கும் அதிக பிடிப்போடு உட்கார்ந்துகொள்கிறது. ஒட்சிசனுக்கு இடம் இல்லை. ஹோல்டேன் இதைத் தன் உடலிலேயே பார்த்தார். அந்த வாயுவைத் தானே சுவாசித்து, தன் குருதியை எடுத்து அளந்தார்.

1905இல் பிரீஸ்ட்லி என்பவருடன் சேர்ந்து இன்னொன்றைக் கண்டுபிடித்தார். சாதாரண நிலையில் மூச்சு வாங்கச் சொல்லி உடலைத் தூண்டுவது ஒட்சிசன் குறைவதைவிட, காபனீரொட்சைட்டு கூடுவதுதான். ஈரமும் வெக்கையும் சேர்ந்த காற்று உடலை எப்படி வருத்தும் என்பதையும் அவர் ஆராய்ந்தார். எங்கள் பதுங்குகுழிக்கு விளக்கம் அங்கே இருந்தது. நாங்கள் வெளியே விட்ட மூச்சும், எங்கள் உடல்களின் சூடும்தான் எங்களை அந்தச் சாக்குப் பக்கம் தள்ளின.

அவருக்கும் பிழைத்தது. 1911இல் அமெரிக்காவின் பைக்ஸ் சிகரத்தில், 4,300 மீற்றர் உயரத்தில், சக ஆய்வாளருடன் வாரக்கணக்கில் தங்கி ஆராய்ந்தார். காற்று ஐதான இடத்தில் நுரையீரல் ஒட்சிசனைத் தானே குருதிக்குள் சுரக்கிறது என்று முடிவு செய்தார். டென்மார்க்கின் குரோக் தம்பதியர் வெறும் பரவலே போதும் என்று ஏற்கெனவே காட்டியிருந்தார்கள். அவர்கள் சொன்னதே சரி. ஹோல்டேன் கடைசிவரை தன் கருத்தை விடவில்லை.

1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்பர் களமுனையில் ஜேர்மன் படை குளோரீன் வாயுவைத் திறந்துவிட்டது. பிரித்தானிய அரசு ஹோல்டேனை அனுப்பியது. அது குளோரீன்தான் என்று அவர் உறுதிப்படுத்தினார். ஒக்ஸ்போர்ட் திரும்பி, வாயு நிரப்பிய அறைக்குள் தானே இருந்து முகமூடிகளைச் சோதித்தார். களத்திலிருந்த மகன் ஜே.பி.எஸ். ஹோல்டேனும் இந்த வேலைக்காக அழைக்கப்பட்டார். அதே ஆண்டு செப்டெம்பரில் பிரித்தானியப் படையும் குளோரீனைப் பயன்படுத்தியது. நச்சுவாயு எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் நுரையீரலுக்கு ஒன்றுதான்.

குளோரீன் சிற்றறைகளின் சுவரை எரிக்கிறது. உள்ளே நீர் கசிந்து நிரம்புகிறது. ஆள் தரையில் கிடந்தபடியே மூழ்குகிறார். அந்நாளில் வைத்தியர்கள் ஒட்சிசனைப் புனலால் முகத்தருகே பிடிப்பார்கள். பெரும்பகுதி வீணாகும். ஹோல்டேன் முகமூடி வழியாக, அளந்து, தொடர்ந்து கொடுக்கும் கருவியை உருவாக்கி 1917இல் அதைப் பற்றி எழுதினார். மூச்சுக் காற்றில் ஒட்சிசனின் பங்கு கூடினால் அதன் அழுத்தமும் கூடும். காயப்பட்ட சுவரைத் தாண்டியும் குருதிக்குள் போகும்.

அவர் 1936இல் ஒக்ஸ்போர்ட்டில் காலமானார். மகன் பின்னாளில் இந்தியாவில் குடியேறி, 1964இல் புவனேஸ்வரில் இறந்தார்.

போன வருடம் அம்மம்மாவுக்கு மூச்சுத் திணறல் வந்து வைத்தியசாலையில் சேர்த்தோம். மூக்கில் குழாய் வைத்து, தாதி சிலிண்டரின் அளவுமானியைப் பார்த்துத் திருகியை மெதுவாகத் திருப்பினா. விரலில் மாட்டிய கருவியில் 86 என்றிருந்த எண் 93க்கு ஏறியது. அம்மம்மா கண்ணைத் திறந்து, யன்னலைத் திறந்துவிடச் சொன்னா.