இயன் மர்டாக்: ஆப்ட்டுக்குப் பின்னால் ஒரு காலேஜ் பையன்

டெர்மினலைத் திறந்து 'ஆப்ட் இன்ஸ்டால்' அடிக்கிறீங்க. ஆப்ட் டவுன்லோடு பண்ணிக் கொடுக்கும். உண்மையில் இன்ஸ்டால் பண்றது டிபிகேஜி. அதன் முதல் வடிவம் 1994-ல் எழுதின ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். எழுதினவர் இயன் மர்டாக். அப்போ அவரும் உங்களை மாதிரி ஸ்டூடண்ட்தான்.

1973 ஏப்ரல் 28-ல் ஜெர்மனியின் கான்ஸ்டான்ஸில் பிறந்தவர். படிச்சது அமெரிக்காவில், இண்டியானாவின் பர்டூ பல்கலைக்கழகத்தில். அந்தக் காலத்தில் லினக்ஸ் வேணும்னா பலரும் எடுத்தது எஸ்எல்எஸ் என்ற டிஸ்ட்ரோ. அதில் பக் அதிகம், பராமரிப்பு குறைவு. இதை ஒட்டுப் போட்டுச் சரிபண்றதைவிட புதுசா ஒண்ணு கட்டலாம்னு முடிவு பண்ணி, 1993 ஆகஸ்ட் 16-ல் டெபியனை அறிவிச்சார். வயசு 20. டெப்ரா என்ற காதலியின் பேரையும் தன் பேரையும் சேர்த்தால் டெபியன். (ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குப் பேர் தேடுறவங்க கவனிக்க!)

பேரைவிட முக்கியம் அவர் வச்ச முறை. ஒவ்வொரு பேக்கேஜுக்கும் பொறுப்பான ஒரு ஆள். எல்லாருக்கும் ஒரே விதிகள். எனக்கு இன்ன நூலகம், இன்ன வெர்ஷன் வேணும்னு பேக்கேஜே சொல்லிடணும். நூற்றுக்கணக்கான பேர் தனித்தனியா செஞ்ச பேக்கேஜ்கள் ஒண்ணோட ஒண்ணு பொருந்துறது இதனாலதான். ஆனா அந்தப் பொருத்தம் அதே டிஸ்ட்ரோவின் அதே ரிலீஸுக்குள்ளே மட்டும்தான் செல்லும்.

இதை நான் தெரிஞ்சுக்கிட்டது ஹாஸ்டலில், லேப் சப்மிஷனுக்கு முந்தின ராத்திரி. உபுண்டுவில் வேற டிஸ்ட்ரோவின் ரெப்போவைச் சேர்த்துட்டு அப்கிரேடு கொடுத்தேன். அடிப்படை சி நூலகமே மாறிப் போச்சு. ரீபூட் பண்ணினா டெஸ்க்டாப் வரலை.

ரெண்டுமே டெப் ஃபைல்தானேன்னு நினைக்கிறோம். வெளி டப்பா ஒண்ணுதான், உள்ளே கம்பைல் ஆன நூலகங்கள் வேற. 2005-ல் உபுண்டு வேகமா வளர்ந்தப்போ மர்டாக் வெளிப்படையா கவலைப்பட்டது இதைப் பற்றித்தான்: உபுண்டு பேக்கேஜ்கள் டெபியனில் ஓடாமல் போனால் ரெண்டும் பிரிஞ்சு போயிடும் என்று. பலர் அதைப் பொறாமைன்னு எடுத்துக்கிட்டாங்க. எனக்கு அப்படித் தோணலை.

ஆர்பிஎம், டெப் கலப்பு இன்னும் மோசம். ரெண்டுக்கும் தனித்தனி டேட்டாபேஸ். ஒண்ணு இன்ஸ்டால் பண்ணினது இன்னொண்ணுக்குத் தெரியாது. பேர்களும் வேற: டெபியனில் 'அப்பாச்சி2', ஃபெடோராவில் 'ஹெச்டிடிபிடி'. ஆர்பிஎம்மை டெப்பா மாத்துற ஏலியன் என்ற கருவி இருக்கு. சி நூலகம், இனிட் மாதிரி முக்கியமான பேக்கேஜ்களை அதால மாத்த வேண்டாம்னு அதன் கையேடே எச்சரிக்குது.

மர்டாக் 1996-ல் டெபியன் தலைமையை புரூஸ் பெரென்ஸிடம் கொடுத்துட்டார். பிறகு புரோஜெனி என்ற கம்பெனி. 2006-லிருந்து எல்எஸ்பி என்ற பொதுத் தரத்துக்கு உழைச்சார்: ஒரு தடவை கட்டின மென்பொருள் எல்லா டிஸ்ட்ரோவிலும் ஓடணும். அந்தத் தரம் எடுத்துக்கிட்டதோ ஆர்பிஎம் ஃபார்மேட்டை! டெபியனைத் தொடங்கினவரே அதுக்குத் தலைமை தாங்கினார். ஆனா எல்எஸ்பி நினைச்ச அளவு பரவலை. 2007-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் போய், சோலாரிஸுக்கும் லினக்ஸ் மாதிரி பேக்கேஜ் வசதி கொண்டுவரப் பார்த்தார்.

2015 கடைசியில் டாக்கரில் சேர்ந்தார். கன்டெய்னருக்குள்ளே வேற டிஸ்ட்ரோவை அதன் நூலகங்களோட முழுசா தனியா வைக்கலாம். உங்க சிஸ்டத்தின் டேட்டாபேஸைத் தொடாது. அந்த ராத்திரி எனக்குத் தேவைப்பட்டது அதுதான்.

அங்கே அவர் அதிக நாள் இல்லை. 2015 டிசம்பர் 28-ல் சான் பிரான்சிஸ்கோவில் இறந்தார். வயசு 42. டெபியன் ரிலீஸ்களுக்கு டாய் ஸ்டோரி பொம்மைகளின் பேர் வைப்பாங்க. 2017-ல் வந்த டெபியன் 9-க்கு 'ஸ்ட்ரெட்ச்' என்ற ஆக்டோபஸின் பேர். அந்த ரிலீஸை அவருக்கு அர்ப்பணிச்சாங்க.